பௌர்ணமி இரவிலும் கைக்கெட்டும் சர்வர்

இந்த அத்தியாயத்தின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் ஒரு சர்வரைப் பயன்படுத்த வரும் வழி வேறு, அதை நிர்வகிப்பவர் உள்ளே நுழையும் வழி வேறு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட வேண்டும். நிர்வாக வழி வெளியாள் கண்ணில் படக் கூடாது. மற்ற வழி அடைபட்ட நேரத்திலும் அது திறந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு எத்தனை எழுத்து, எந்த மென்பொருள், எந்த கம்பெனி ரூட்டர் என்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். தொலைநிர்வாகம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவினையைத் திருட்டுக்கு எதிரான பூட்டாக மட்டுமே பார்க்கிறார்கள். திருவண்ணாமலையில் சர்வர் வைத்திருப்பவருக்கு இதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. தாக்குதல் வரலாம், வராமலும் போகலாம். பௌர்ணமி மாதந்தோறும் வந்தே தீரும்.

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதர்கள். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டம் பல லட்சம். மாலை 6 மணிக்கு உச்சியில் மகாதீபம் ஏறும் நேரத்தில் கூப்பிய கைகளோடு செல்போன்களும் உயர்கின்றன. ஒரு செல்போன் டவர் தன் பரப்பில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே அலைவரிசையைத்தான் பங்கிட்டுத் தருகிறது. ஆள் பெருகப் பெருக ஒவ்வொருவர் பங்கும் சுருங்கிக்கொண்டே போகும். பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடுகின்றன. சர்வர் படுத்துவிட்டதென்று வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆள் கிளம்பி வந்து பார்ப்பது அன்றைக்கு ஆகாத காரியம். போதாக்குறைக்குக் கார்த்திகை வடகிழக்குப் பருவமழை மாதமும்கூட. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர் பகுதியில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் தீபம் டிசம்பர் 13. பேய்மழையும் பெருங்கூட்டமும் இரண்டே வாரத்துக்குள் வந்துபோயின.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு வசதியும் உண்டு. வேறு ஊர்களில் சர்வருக்கு எப்போது நெருக்கடி வரும் என்று யாருக்கும் தெரியாது. இங்கே அது பஞ்சாங்கத்தில் அச்சாகியிருக்கிறது. முன்பதிவு மென்பொருள் ஓடும் தங்கும் விடுதி, நோயாளிப் பதிவேடு வைத்திருக்கும் மருத்துவமனை, கேமராப் பதிவுக் கருவி வைத்த நகைக்கடை, நூலகத்தைக் கணினிமயமாக்கிய ஆசிரமம் என்று எந்த இடமானாலும், அங்குள்ள சர்வரைத் தொலைவிலிருந்து கவனிப்பவர் நாளைக் கணக்கிட்டே ஏற்பாடு செய்ய முடியும். அப்படிச் செய்ய முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் இருப்பது இதுதான். வரவேற்பறை மேசைக்குக் கீழே, பைபர் வந்து சேரும் வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் எட்டுத் துளை சுவிட்சுக்கு. அந்தச் சுவிட்சிலேயே பில் போடும் கணினி, சர்வர், கேமராப் பதிவுக் கருவி, விருந்தினருக்கான வைஃபை எல்லாம் செருகியிருக்கும். எல்லாவற்றின் முகவரியும் 192.168.1 என்றே தொடங்கும். மென்பொருள் போட்டுக்கொடுத்தவர் வெளியூர்க்காரர் என்றால், ரூட்டரில் 3389 என்ற போர்ட்டை நேராகச் சர்வருக்குத் திறந்துவிட்டுப் போயிருப்பார், விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக. அறை எடுத்துத் தங்குகிறவரின் செல்போனும் அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகமும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கூடத்தின் கதவு தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவை நாள்கணக்கில் கையால் எழுதினார்கள். நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மற்றொன்று நம் கூடங்குளம். 2019 செப்டம்பரில் அங்கே ஒரு கணினியில் தீம்பொருள் புகுந்திருப்பதாக இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் எச்சரித்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த அலுவலக நெட்வொர்க்கில் இருந்த கணினி அது என்றும், உலையின் முக்கிய நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் அங்கே பாதிப்பு இல்லை என்றும் விளக்கம் சொன்னது. எதிரி இரண்டு இடத்திலும் நுழைந்துவிட்டான். ஒரு இடத்தில் சுவர் இல்லை, இன்னொரு இடத்தில் இருந்தது. கூடங்குளத்தில் கணினி மாட்டியதே கவலைக்குரியதுதான், அதைச் சிறிதாக்க வேண்டியதில்லை. ஆனால் நுழைந்தவன் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைச் சுவர்தான் தீர்மானித்தது.

“எய்ம்ஸும் அணு உலையும் பெரிய இடம், இருபது அறை விடுதியை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்பது நியாயமான கேள்வி. யாரும் தேடி வருவதில்லை என்பதுதான் பதில். துழாவும் இயந்திரங்கள் எல்லா முகவரியையும் தட்டிப் பார்க்கின்றன. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜீமேப் என்ற கருவி, ஒரே ஒரு கணினியிலிருந்து உலகின் பழைய பாணி ஐபி முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. 2016இல் பரவிய மிராய் என்ற தீம்பொருள் சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததே அதன் மூலதனம். அவற்றில் எதுவும் பெரிய இடத்துக் கருவி அல்ல. விடுதிக் கூடத்திலும் கடைக் கூரையிலும் தொங்கும் அதே சாதாரணக் கேமராக்கள்தான். எழுத்துக் கட்டளைகளால் சர்வரை நிர்வகிக்கும் எஸ்எஸ்எச்சின் போர்ட்டை 22இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். மாற்றினால் பதிவேட்டில் வீண் சத்தம் குறையும். அந்த அளவுக்கு அது நல்லது, அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப் விஷயத்தில் பாஸ்வேர்டு வலுவாக இருந்தும் பயனில்லாத நிலைமை வந்திருக்கிறது. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டையைப் பயன்படுத்துகிறவன் பாஸ்வேர்டே கேட்கப்படாமல் உள்ளே வர முடியும். அதனால் வெளியே தெரியும் நிர்வாகப் போர்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே நம் இலக்கு.

போர்ட் எதுவும் திறக்காமல் வெளியூரிலிருந்து எப்படி உள்ளே வருவது? திசையைத் திருப்ப வேண்டும். வெளியிலிருந்து உள்ளே அழைப்பதற்குப் பதில், உள்ளே இருக்கும் ஒரு சிறு கருவி வெளியே ஒரு இடத்துக்குத் தானே போய் இணைப்பை வைத்துக்கொள்ளட்டும். அந்த இடம் மாதம் சில நூறு ரூபாய்க்கு மும்பையிலோ பெங்களூரிலோ வாடகைக்குக் கிடைக்கும் சிறு சர்வராக இருக்கலாம். நிர்வகிப்பவரும் தன் மடிக்கணினியிலிருந்து அதே வாடகைச் சர்வருக்கு வருவார், இருவரும் அங்கே சந்திப்பார்கள். இதற்குப் பல மென்பொருள்கள் உண்டு. எளிமைக்காகவே நான் வயர்கார்டைப் பரிந்துரைக்கிறேன். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்டது. விண்டோஸிலும் செல்போனிலும் வேலை செய்கிறது. சாவி தெரியாத ஆள் தட்டினால் அது மறுப்புக்கூடச் சொல்வதில்லை, பேசாமல் இருந்துவிடும். துழாவும் இயந்திரத்துக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலவே தோன்றும்.

திசையைத் திருப்புவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, இந்த ஊரில் அது பெரிய லாபம். சிம் இணைப்பிலும் பல உள்ளூர் பிராட்பேண்டுகளிலும் உங்களுக்குத் தனி முகவரி தருவதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்கிறார்கள். உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறீர்கள். போர்ட் திறந்துவைத்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. இதற்காகவே பலர் கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்குகிறார்கள். உள்ளிருந்து வெளியே போகும் இந்த இணைப்பைச் சுரங்கம் என்று அழைப்போம், அதற்கு நிலையான முகவரி தேவையில்லை. எந்த கம்பெனி இணைப்பாக இருந்தாலும், எந்த முகவரி கொடுத்தாலும் அது வேலை செய்யும். அமைக்கும்போது உயிர்த்துடிப்பு நேரத்தை 25 விநாடி என்று வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால், கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்ததும் நடுவில் உள்ள ரூட்டர்கள் அந்த இணைப்பை மறந்துவிடும். பிறகு வெளியிலிருந்து நீங்கள் கூப்பிட்டால் பதில் வராது.

சுரங்கத்தின் உள்முனையைச் சர்வரிலேயே வைப்பதா, தனிக் கருவியில் வைப்பதா என்பதில் தயக்கம் வேண்டாம், தனிக் கருவிதான். சர்வர் உறைந்து நிற்கும்போதுதான் உங்களுக்கு வழி தேவைப்படுகிறது. வழியின் முனையே சர்வரில் இருந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். வயர்கார்டு தெரிந்த சிறு ரூட்டர் ஒன்று போதும். உள்ளூர்க் கேபிள்காரர்களுக்குப் பழக்கமான மைக்ரோடிக்கில் ஏழாம் பதிப்பிலிருந்து அது உண்டு. அந்த ரூட்டரில் நெட்வொர்க்கை நான்காகப் பிரியுங்கள்: வேலைக் கணினிகளுக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று. நிர்வாகப் பகுதிக்கு 192.168.1 வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டு ரூட்டரிலும் அதே எண் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சர்வரைத் தேடும் உங்கள் மடிக்கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். 10.73.20.0/24 போல யாரும் சட்டென்று எடுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்வால் விதிகள் சுருக்கமாக இருக்கட்டும். நிர்வாகப் பகுதியிலிருந்து மற்ற மூன்றுக்கும் போகலாம், மற்ற மூன்றிலிருந்து நிர்வாகப் பகுதிக்குப் போகக் கூடாது, கேமராக்களிலிருந்து இணையத்துக்கும் போகக் கூடாது. இதே விதிகளை ஐபிவி6 பக்கத்திலும் எழுத மறந்துவிடக் கூடாது. முன்கதவைப் பூட்டி அந்தக் கதவை மறந்த இடங்கள் ஏராளம்.

பெரிய சர்வர் வாங்கியவர்கள் அதன் முதுகில் தனியாக ஒரு நெட்வொர்க் துளை இருப்பதைக் கவனித்திருப்பார்கள். டெல்லில் ஐட்ராக், ஹெச்பியில் ஐலோ என்று பெயர். சர்வருக்குள்ளே இருக்கும் இன்னொரு குட்டிக் கணினியின் வாசல் அது. சர்வர் அணைந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதன் வழியாகத் திரையைப் பார்க்கலாம், சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பலாம். நிர்வகிப்பவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அதனாலேயே இதைப் போல ஆபத்தானதும் கிடையாது. இந்தக் கருவிகள் பேசும் ஐபிஎம்ஐ என்ற நெறிமுறையை இன்டெல், ஹெச்பி, டெல், என்இசி நான்கும் சேர்ந்து 1998இல் கொண்டுவந்தன. அதன் இரண்டாம் பதிப்பில் உள்ள வடிவமைப்புக் குறையை டேன் ஃபார்மர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2013இல் விரிவாக எடுத்துக் காட்டினார். சரியான பயனர் பெயரைச் சொல்லிக் கேட்டாலே போதும், கேட்டவர் யார் என்று தெரியும் முன்பே பாஸ்வேர்டின் மறைகுறியைக் கருவி கொடுத்துவிடும். வாங்கிக்கொண்டு போய் நிதானமாக உடைக்கலாம். நெறிமுறையின் அமைப்பே அப்படி என்பதால், நீளமான பாஸ்வேர்டு வைப்பதும் அந்தத் துளையை நிர்வாகப் பகுதிக்குள் மட்டும் அடைப்பதும்தான் வழி. கேபிள் செருகும்போது ஒன்றைச் சரிபாருங்கள். சில சர்வர்களில், தனித் துளையில் கேபிள் இல்லையென்றால் இந்தக் குட்டிக் கணினி தானாகவே முதல் சாதாரணத் துளைக்குத் தாவிக்கொள்ளும். நீங்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது விருந்தினர் வைஃபைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அமைப்புப் பக்கத்தில் தனித் துளை மட்டும் என்று கட்டாயப்படுத்திவிடுங்கள்.

இனி இரண்டாவது பாதிக்கு வருவோம், வழி அடைபடாமல் இருப்பது. “பைபர் போனால் சிம் போட்ட ரூட்டர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்” என்பது பலர் செய்திருக்கும் ஏற்பாடு. சாதாரண நாளில் அது நல்ல ஏற்பாடுதான். சாலையைத் தோண்டும்போது பைபர் அறுந்தால் சிம் காப்பாற்றும். ஆனால் பௌர்ணமி இரவில் உங்கள் சிம்மும் கிரிவலம் வருகிறவரின் சிம்மும் ஒரே டவரில் வரிசையில் நிற்கின்றன. உங்கள் ரூட்டரில் எவ்வளவு முன்னுரிமை எழுதிவைத்தாலும் டவர் அதைப் பார்ப்பதில்லை. அதாவது, பைபர் போனால் மிக அதிகச் சேதம் வரும் அந்த ஒரு நாளில்தான் சிம்மும் கைவிடும். ஆகவே இந்த ஊரில் இரண்டாவது இணைப்பும் கம்பி வழியாக வர வேண்டும், வேறு கம்பெனியிலிருந்து, முடிந்தால் வேறு தெருப்பக்கமாக. இரண்டு கம்பெனிகளின் கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரு மரம் விழுந்தால் இரண்டும் போகும். ஆர்டர் கொடுக்கும் முன் வாசலில் நின்று கேபிள் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்ப்பது நெட்வொர்க் வேலைதான். சிம்மை எடுத்தெறிய வேண்டாம், மூன்றாவதாக இருக்கட்டும்.

நெரிசலில் சிக்கிய இணைப்பிலும் ஏதாவது செய்ய முடியுமா என்றால், எழுத்து வழி நிர்வாகம் முடியும், படம் வழி நிர்வாகம் முடியாது. ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் திரையையே படமாக அனுப்புகிறது. சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் படமும் மாற வேண்டும். எஸ்எஸ்எச்சில் போய்வருவது எழுத்துகள் மட்டுமே. ஒரு சர்வீஸை நிறுத்தித் தொடங்கும் கட்டளை ஒரு வரிதான், அது பாதி செத்த இணைப்பிலும் போய்ச் சேரும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்ட சம்பவத்துக்குப் பிறகு டாடு யிலோனன் 1995இல் எழுதியது எஸ்எஸ்எச். அதன் எளிமை இன்றும் பயன்படுகிறது. விண்டோஸ் சர்வரிலும் இப்போது ஓப்பன்எஸ்எஸ்எச் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி தேவைப்படும் பத்துக் கட்டளைகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டால் தீபத்தன்று திரை தேவைப்படாது.

“இத்தனை பாடு எதற்கு, எனிடெஸ்க் போட்டால் முடிந்தது” என்று சொல்வார்கள். வாடிக்கையாளரின் கணினியில் எப்போதாவது ஒரு பிழையைப் பார்த்துத் திருத்த அது நல்ல கருவி. அதுவும் உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பைத்தான் பயன்படுத்துகிறது, எளிதாக வேலை செய்வதற்குக் காரணம் அதுவே. ஆனால் ஒரு நிறுவனத்தின் முழுச் சர்வருக்கான நிரந்தரச் சாவியை மூன்றாம் ஆளிடம் கொடுப்பது வேறு விஷயம். 2024 பிப்ரவரி 2 அன்று தங்கள் சொந்தச் சர்வர்களுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக அந்த நிறுவனம் அறிவித்து, சான்றிதழ்களை மாற்றவும் பாஸ்வேர்டுகளைப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. யாருக்கும் அது நடக்கலாம். அப்படி நடக்கும் நாளில் உங்கள் சர்வர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. மேலும் அது படம் வழி நிர்வாகம். நெரிசல் இரவில் அதன் நிலைமை மேலே சொன்னதுதான்.

மின்சாரத்தைப் பற்றி நெட்வொர்க் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை, நாம் பேசியாக வேண்டும். யுபிஎஸ்ஸில் சர்வர் இருக்கும், பைபர் பெட்டி பக்கத்துச் சுவரின் சாதாரண பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் சர்வர் உயிரோடு இருக்க, வழி செத்துவிடும். பைபர் பெட்டி, சுரங்க ரூட்டர், சுவிட்ச் மூன்றும் அதிக மின்சாரம் குடிப்பவை அல்ல. சர்வருக்கு முன்பாக அவற்றுக்குத்தான் இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும். சர்வரின் பயாஸில், மின்சாரம் திரும்பியதும் தானாகக் கிளம்ப வேண்டும் என்ற அமைப்பையும் பாருங்கள். அதிகம் பேருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று கடிகாரத்தில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற மலிவான கருவிகளின் பழைய மாடல்களிலும் பல சிறு ரூட்டர்களிலும் மின்சாரம் இல்லாத நேரத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் அவை பழைய நேரத்தில் கண் விழிக்கும். வயர்கார்டோ, ஒரே சாவியிலிருந்து முன்பு வந்ததைவிடப் பழைய நேரம் போட்ட வணக்கம் வந்தால், யாரோ பழையதைப் பதிவு செய்து திரும்ப அனுப்புகிறார் என்று ஒதுக்கிவிடும். நேரம் சரியாகும்வரை சுரங்கம் திறக்காது. நேரத்தைச் சரிசெய்யும் சர்வருக்குப் போகும் வழியையும் நீங்கள் சுரங்கத்துக்குள்ளேயே விட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருக்கும், உள்ளூர் ஆள் வந்து தொடாமல் விடிவில்லை. நேரச் சர்வருக்கான வழி எப்போதும் சுரங்கத்துக்கு வெளியே, நேராக இணையத்துக்குப் போக வேண்டும்.

தனி வழி வைத்தால் அதுவும் உடையாதா என்று கேட்கலாம். உடையும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகளை அறுத்தது. அதைத் தொடர்ந்து பெயர்களை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சர்வர்கள் இணையத்திலிருந்து மறைந்தன. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி நெட்வொர்க்கும் அப்போது கிடைக்கவில்லை, ஆளை நேரில் அனுப்பித்தான் சரிசெய்தார்கள். தனி வழி வீண் என்பதற்குச் சாட்சியாக இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது வேறு பாடம் சொல்கிறது: அவசர வழி, தான் காப்பாற்ற வேண்டிய பொருளின் மீதே சாய்ந்து நிற்கக் கூடாது. உங்கள் அளவில் இதற்குப் பொருள், வாடகைச் சர்வரைப் பெயரால் மட்டும் அல்லாமல் எண்ணாலும் அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதன் கணக்குப் பாஸ்வேர்டு பூட்டப்படக்கூடிய அதே சர்வருக்குள் மட்டும் இருக்கக் கூடாது, அதற்கு வாடகை கட்டும் கார்டு காலாவதியாகும் நாளை யாராவது ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும்.

வழியை அடைக்கும் கைகளில் முதல் கை பெரும்பாலும் நிர்வகிப்பவருடையதே. ஃபயர்வாலை இயக்கும் முன் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி எழுத மறந்தால் அந்த விநாடியே நீங்கள் வெளியே. இதற்காகவே நல்ல கருவிகளில் திரும்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. உபுண்டுவில் நெட்பிளான் டிரை என்ற கட்டளை, 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே போய்விடும். மைக்ரோடிக்கின் பாதுகாப்பு முறையில் இணைப்பு அறுந்தால் செய்த மாற்றங்கள் தாமாகக் கலையும். ஜூனிபரில் உறுதி கேட்கும் முறைக்குப் பத்து நிமிட அவகாசம். இந்த வசதி இல்லாத கருவியில், பத்து நிமிடம் கழித்துப் பழைய அமைப்போடு தானாக மீண்டும் கிளம்பும்படி முன்பே ஏற்பாடு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றினால், திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல் இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்த பிறகுதான் முதல் ஜன்னலை மூட வேண்டும். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பிருந்து பௌர்ணமி முடியும்வரையும், தீபத் திருவிழாவின் பத்து நாளும் நெட்வொர்க்கில் எந்த மாற்றமும் இல்லை என்று விதி வையுங்கள். பஞ்சாங்கம் தந்த வசதியைப் பயன்படுத்தும் இடம் இது.

ஆட்கள் விஷயத்தில் நிறுவனங்கள் காட்டும் அலட்சியம் வருத்தம் தருகிறது. வேலையை விட்டுப்போன டெக்னீஷியனின் கையில் இருக்கும் பாஸ்வேர்டுதான் புதியவருக்கும் கொடுக்கப்படுகிறது. எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு நுழைவையே நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி கொடுங்கள். ஒருவர் போனால் ஒரு வரியை நீக்கினால் போதும். சாவியைச் செல்போனில் வைத்திருப்பவர் அதற்குக் கடவுச்சொல் போட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் செல்போன் தொலைவது இந்த ஊரில் புதிதல்ல. யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேடு சர்வரில் மட்டும் இருந்தால், நுழைந்த திருடன் அதையும் அழிப்பான். வாடகைச் சர்வருக்கு ஒரு நகல் போய்க்கொண்டே இருக்கட்டும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவு நிறுவனங்களுக்கும் பொருந்தும். அதன்படி பதிவேடுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். வாடகைச் சர்வரை இந்தியாவுக்குள் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவு பற்றிய ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. சுரங்க ரூட்டர் சில ஆயிரம், வாடகைச் சர்வர் மாதம் சில நூறு, இரண்டாவது பைபர் இன்னும் சில நூறு. சிறு விடுதிக்கு இரண்டாவது பைபர் சுமையாகத் தெரியலாம். பணம் போதாதென்றால் எதை விடலாம் என்பதற்கு என் வரிசை இது: முதலில் இரண்டாவது பைபரைத் தள்ளிப்போடுங்கள், பிறகு வேண்டுமானால் ஐட்ராக் போன்ற வசதியைத் தள்ளிப்போடுங்கள். நெட்வொர்க்கைப் பிரிப்பதையும், திறந்த போர்ட்டை மூடிச் சுரங்கத்துக்கு மாறுவதையும் தள்ளிப்போட வேண்டாம். இருக்கும் ரூட்டரே இதைச் செய்யுமானால் இவற்றுக்குப் பணத்தைவிட ஒரு பகல் வேலைதான் அதிகம் தேவை.

அமைத்து முடித்த அமைப்பைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. அமாவாசையை ஒட்டிய ஒரு சாதாரண வேலைநாளில், அறைகள் காலியாக இருக்கும் மதிய நேரத்தில் சோதனையை வையுங்கள். நிர்வகிப்பவர் வெளியூரில் இருக்க, வரவேற்பறையில் இருப்பவர் முதல் பைபரைப் பிடுங்கட்டும். எத்தனை நிமிடத்தில் சுரங்கம் இரண்டாவது வழியில் எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மெயினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடட்டும். கடிகாரம், சுரங்கம், சர்வர் மூன்றும் யாரும் தொடாமல் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, சர்வரை உறையவைத்து, சுரங்கம் வழியாக மட்டும் அதைத் திரும்பக் கிளப்புங்கள். எந்தக் கேபிள் எந்தத் துளையில் என்று நிறம் போட்டுத் தமிழில் எழுதிய ஒரு தாளை ராக்கின் கதவில் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். பைபர் கம்பெனிகள் இரண்டின் வாடிக்கையாளர் எண்ணும் புகார் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். பாஸ்வேர்டு எதையும் அதில் எழுத வேண்டாம். இரவுப் பணியில் இருப்பவர் அந்தத் தாளைப் பார்த்து, “நீலக் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள்” என்ற சொல்லுக்குச் சரியான கேபிளைத் தொடுகிறாரா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.